மோட்டார் மேல் படியும் தூசு: எங்கே தேடுவது, எப்படி எடுப்பது?

மாவு, மசாலா, சர்க்கரை, மரத்தூள், பஞ்சு என்று எதைக் கையாளும் ஆலையாக இருந்தாலும் மெஷின் மேல் தூசு படியத்தான் செய்யும். எரியக்கூடிய தூசு என்றால் அதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. மோட்டார் மேல் கம்பளி மாதிரி மூடிக்கொண்டு சூட்டை வெளியே விடாது. அடியில் இருக்கும் தூள் கருகி, புகைந்து, கங்காகும். அதே தூசு எழும்பிக் காற்றில் கலந்திருக்கும்போது நெருப்பு பட்டால் வெடிக்கும். மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: அண்ணாந்து பாருங்கள்

தரையைத் தினமும் யாராவது கூட்டிவிடுவார்கள். கேபிள் ட்ரே, இரும்பு பீம், டக்டின் (காற்றுக் குழாயின்) முதுகு, லைட் ஃபிட்டிங் ஆகியவற்றை யாரும் தொடுவதில்லை. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதற்கு மேலேயும் பார்க்க வேண்டும். 2003-இல் அமெரிக்காவின் கின்ஸ்டன் நகரில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்று வெடித்து 6 பேர் இறந்தார்கள். அங்கே பாலிஎத்திலீன் தூள் சேர்ந்திருந்தது சீலிங்குக்கு மேலேதான். கீழே உற்பத்திக்கூடம் பளிச்சென்று இருந்தது.

அப்புறம் சூடாகும் இடங்கள்: மோட்டார் உடம்பின் வரிகள் (சூட்டை வெளியேற்றும் மேடுகள்), ஃபேன் கவர், பேரிங், கியர்பாக்ஸ்.

படி 2: தடிமனை அளக்கவும்

ஒரு ஜெம் கிளிப் போதும். அதன் கம்பி ஏறக்குறைய 0.8 மி.மீ. தடிமன். படிவு அதற்கு மேல் இருந்து, தரைப் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் பரவியிருந்தால் உடனே சுத்தம் செய்ய வேண்டும் என்பது அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 654-ஆம் தரநிலை நெடுங்காலமாகச் சொல்லிவந்த அளவு. பீம் மேல் கிடப்பதும் கணக்கில் சேரும்.

இவ்வளவு சின்ன அளவுக்கா பயப்படுவது என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டருக்கு 500 கிலோ எடையுள்ள தூள், 5 மீட்டர் உயரமுள்ள அறையின் தரை முழுக்க 1 மி.மீ. படிந்திருக்கிறது. அத்தனையும் எழும்பினால் ஒரு கன மீட்டர் காற்றில் 100 கிராம் தூசு மிதக்கும். பல உணவுத் தூள்கள் வெடிக்க அதுவே போதும்.

படி 3: சூட்டை ஒப்பிடுங்கள்

தூசு உள்ள இடத்துக்கென்று செய்த மோட்டாரின் நேம்பிளேட்டில் 'டி 125 டிகிரி' (செல்சியஸ்) என்பது போல மேற்பரப்பின் உச்ச வெப்பநிலை இருக்கும். உங்கள் தூளின் 5 மி.மீ. படிவு பற்றும் வெப்பநிலையை ஆய்வகச் சோதனையில் தெரிந்துகொண்டு, அதில் 75 டிகிரியைக் கழியுங்கள். உதாரணமாக 300 என்றால் 225. அடுத்து, தூசு மேகம் பற்றும் வெப்பநிலையில் மூன்றில் இரண்டு பங்கு. 420 என்றால் 280. இரண்டில் குறைந்ததுதான் உங்கள் எல்லை, அதாவது 225. நேம்பிளேட்டில் உள்ள எண் அதைத் தாண்டக் கூடாது. ஆனால் இந்தக் கணக்கு 5 மி.மீ. வரைக்கும்தான். படிவு தடிமனாக ஆக, குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். நேம்பிளேட்டை நம்பி மேலே 2 அங்குலம் சேரவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

படி 4: எடுக்கும் விதம்

முதலில் மெஷினை நிறுத்தி, மெயின் ஸ்விட்சைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள். ஆறட்டும்.

அழுத்தக் காற்றைப் பீய்ச்சும் ஏர் கன்னை எடுக்காதீர்கள். எல்லா ஆலையிலும் அதுதான் வழக்கம் என்பது தெரியும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் படிந்து கிடந்ததை மேகமாக்கி விடுவதும், பீம் மேல் கொண்டுபோய் மறுபடி சேர்ப்பதும் அந்த ஏர் கன்தான். எரியும் தூசுக்கென்று சான்று பெற்ற வேக்கம் கிளீனர் வேண்டும். ஹோஸ் நிலைமின்னைக் கடத்தி எர்த்தோடு சேர்வதாக இருக்கட்டும். சாதாரண வேக்கத்தின் மோட்டாரே பொறி விடும்.

மேலிருந்து கீழே வாருங்கள். மோட்டார் வரிகளில் ஒட்டியதை மெல்லிய பிரஷ்ஷால், வேக்கம் முனையைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, நீளவாக்கில் இழுங்கள். ஃபேன் கவரைக் கழற்றி உள்பக்கமும் பாருங்கள். வலைக் கண்களைப் பஞ்சு அடைத்திருந்தால் மோட்டாருக்குக் காற்றே போகாது. பேரிங்கில் கிரீஸோடு குழைந்த தூசை வழித்தெடுங்கள். மின் பேனலுக்குள் எலக்ட்ரீஷியன் மட்டும் கை வைக்கட்டும்.

எட்டாத மூலைக்குக் காற்று தவிர வேறு வழியில்லை என்றால், வேக்கம் போட்ட பிறகு, சுற்றிலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 30 பிஎஸ்ஐக்குக் (காற்றழுத்த அலகு) குறைவாக அடியுங்கள்.

படி 5: புகைந்தால்

கருகல் வாடை வந்தால் கிளறாதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், வேக்கத்தால் உறிஞ்சவே கூடாது. ஆட்களை விலக்கி, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அலுமினியம், மெக்னீசியத் தூளுக்குத் தண்ணீரே ஆகாது.

படி 6: எங்கிருந்து வருகிறது?

சுத்தம் செய்த மறுநாளே அதே இடத்தில் படிந்தால் ஏதோ கசிகிறது. கன்வேயர் மூடியின் கேஸ்கெட், டக்ட் இணைப்பு, கிழிந்த ஃபில்டர் பை என்று தேடுங்கள். கசிவை மூடினால் மட்டும் போதாது, உள்ளே சேரும் தூசை உறிஞ்ச ஏற்பாடும் வேண்டும். ஜார்ஜியாவில் இம்பீரியல் சுகர் ஆலையில் 2007-இல் கன்வேயரைச் சுற்றி எஃகுத் தகடு அடைத்தார்கள், காற்றோட்டம் வைக்கவில்லை. சர்க்கரைத் தூசு உள்ளேயே சேர்ந்தது. 2008 பிப்ரவரி 7 அன்று, பெரும்பாலும் சூடேறிய ஒரு பேரிங்கால், அது வெடித்தது. அந்த அதிர்ச்சியில் ஆலை முழுக்கப் படிந்திருந்த தூசு எழும்பி அடுத்தடுத்து வெடித்ததில் 14 பேர் இறந்தார்கள்.

நிர்வாகம் செலவுக்கு யோசித்தால், 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-வது பிரிவே தூசு சேராமல் அகற்றச் சொல்லியிருந்ததைக் காட்டுங்கள். கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.