‘ஃபேர்’ என்றால் எந்த ‘ஃபேர்’? தொடக்கநிலையினருக்குப் படிப்படியாக ஒரு விளக்கம்

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘புக் ஃபேர்’ என்பதை ‘நியாயமான புத்தகம்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். அவள்மேல் குற்றமில்லை, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துக்கொண்டாள். இந்த ஒரே ஒலியில் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. மூன்றும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிக்கும் வழி இதோ.

படி 1: எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்

‘எஃப், ஏ, ஆர், இ’ என்று இருந்தால் அது பயணக் கட்டணம். பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுப்பது இதுதான். பழைய ஆங்கிலத்தில் இதற்குப் ‘போதல்’ என்று பொருள். ‘ஃபேர்வெல்’ என்பது ‘நல்லபடியாகப் போய் வா’ என்ற வாழ்த்தாக இருந்ததும் அதனால்தான்.

‘எஃப், ஏ, ஐ, ஆர்’ என்று இருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: அது ஒரு நிகழ்ச்சியின் பெயரா?

‘புக் ஃபேர்’, ‘டிரேட் ஃபேர்’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால் சந்தை, கண்காட்சி, பொருட்காட்சி. இதன் வேர் லத்தீனில் விழா நாட்களைக் குறித்த சொல். புனிதர்களின் திருநாளில் கூட்டம் கூடும். கூட்டம் கூடும் இடத்தில் கடை போடுவார்கள். லண்டனில் புனித பர்த்தலோமியோ திருநாளை ஒட்டி நடந்த சந்தை 1133-இல் தொடங்கி 1855 வரை நீடித்தது.

படி 3: பண்பைச் சொல்கிறதா?

இங்கேதான் நிதானம் வேண்டும். இந்த ‘ஃபேர்’ சந்தைக்கு உறவே இல்லாத பழைய ஆங்கிலச் சொல். முதற்பொருள் அழகு. அழகிலிருந்து மாசின்மை, மாசின்மையிலிருந்து பாரபட்சமின்மை என்று பொருள் கிளைத்தது. பள்ளியில் ‘ரஃப் நோட்டு’, ‘ஃபேர் நோட்டு’ என்று இரண்டு வைத்திருப்போமே, அந்த ஃபேர் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: அடித்தல் திருத்தல் இல்லாமல், மார்ஜின் போட்டு, பார்த்துப் பார்த்து எழுதியது. கறையில்லாத அந்தப் பக்கம்தான் இந்தச் சொல்லின் உயிர்.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘செம்மை’ என்பேன். நேர்மையான ஆட்சி செங்கோல். பிழை நீக்குவது செம்மைப்படுத்துதல். வெளுத்த தோலைச் ‘சிவப்பு’ என்கிறோம். ஆங்கிலத்திலும் ‘ஃபேர்’ தோலின் நிறத்தைக் குறிக்கும். இந்தப் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் ‘அழகு’ என்பதற்குப் பதிலாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். நிறத்தையும் அழகையும் ஒன்றாக்கியதால் நம் வீட்டுப் பெண்கள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. 1975 முதல் விற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற முகப்பூச்சே 2020-இல் ‘ஃபேர்’ என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கிவிட்டது.

இன்று அதிகம் புழங்கும் பொருள் நியாயம். ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’ நமக்கு நியாய விலைக் கடை. ‘ஃபேர்னஸ்’ என்றால் நடுநிலை, பாரபட்சமின்மை. ‘அன்ஃபேர்’ என்பதை ‘அநியாயம்’ என்றால் பல இடங்களில் கடுமையாகிவிடும். ‘இது நியாயமில்லை’ போதும். குழந்தைகள் விளையாட்டில் வந்தால் ‘அழுகுணி ஆட்டம்’ என்று தயங்காமல் எழுதுங்கள்.

மதிப்பெண் அட்டையில் ‘குட்’டுக்கும் ‘புவர்’க்கும் நடுவே ‘ஃபேர்’ இருந்தால் மட்டும் அது ‘சுமார்’.

படி 4: ‘ஃபேர்லி’ எங்கே நிற்கிறது?

பண்புச் சொல்லுக்கு முன்னால் நின்றால் ‘ஓரளவு’: ‘ஃபேர்லி குட்’ என்றால் ஓரளவு நன்று. ‘ட்ரீட்டட் அஸ் ஃபேர்லி’ என்று வினைக்குப் பின்னால் வந்தால் ‘நியாயமாக’.

படி 5: ‘ஃபேரி’யைத் தனியே வையுங்கள்

ஒலி ஒத்திருப்பதால் ‘ஃபேரி’யை ‘ஃபேர்’ குடும்பத்தில் சேர்த்துவிடுவார்கள். உண்மையில் அது ‘ஃபேட்’, அதாவது விதி என்ற சொல்லின் உறவு. லத்தீனில் அந்த வேருக்குச் ‘சொல்லப்பட்டது’ என்று பொருள். நமக்கு விதி தலையில் எழுதப்படுகிறது. அவர்களுக்கு அது வாயால் சொல்லப்பட்டது. விதியைச் சொன்ன தெய்வமகளிர்தான் பழைய பிரெஞ்சு வழியாக வந்து ‘ஃபேரி’ ஆனார்கள்.

தமிழில் ‘தேவதை’ என்கிறோம். ‘ஏஞ்சல்’ வந்தால் ‘தேவதூதர்’ என்று பிரித்து எழுதுங்கள். ‘டூத் ஃபேரி’ விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு தலையணையடியில் காசு வைக்கும் தேவதை. நாம் பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தவர்கள் என்பதால் இதற்கு நேர்ச்சொல் கிடையாது, விளக்கித்தான் எழுத வேண்டும். ‘ஃபேரி லைட்ஸ்’ வேறொன்றுமில்லை, திருமண வீட்டில் தொங்கும் சீரியல் பல்பு. ‘ஃபேரி டேல்’ கதையில் தேவதை வந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

உச்சரிப்பில் ஒரு கவனம்: நெடிலோடு ‘ஃபேரி’ தேவதை, குறிலோடு ‘ஃபெரி’ ஆள் ஏற்றிச் செல்லும் படகு. எகரத்தில் குறில் நெடில் பழகிய நமக்கு இது எளிது.

படி 6: ஒரே வரியில் பயிற்சி

அகராதியைத் தொடாமல் இதைத் தமிழாக்கிப் பாருங்கள்: ‘தி ஃபேர் வாஸ் ஃபேர்லி குட், பட் தி பஸ் ஃபேர் வாஸ் நாட் ஃபேர்.’

விடை: பொருட்காட்சி ஓரளவு நன்றாக இருந்தது, ஆனால் பஸ் கட்டணம் நியாயமாக இல்லை.