சமையல் மேடையைத் துடைக்கும் முன்: கல் எது, மரம் எது, பலகை எது?

சமையல் மேடை கெட்டுப்போவதற்குச் சமைப்பவரைவிடத் துடைப்பவர்தான் அதிகம் காரணம். வினிகர் ஸ்டீலில் படிந்த வெள்ளைப் படிவை அழகாகக் கரைத்துவிடும். அதையே மார்பிளில் ஊற்றினால் சில நிமிடங்களில் பளபளப்பு போய்விடும். அதனால் முதல் வேலை, மேடை எதனால் ஆனது என்று கண்டுபிடிப்பது.

விரல் முட்டியால் தட்டினால் மரக்கதவு போல ஒலித்து, ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் அது லேமினேட். பல நிறத் துகள்கள் ஒழுங்கில்லாமல் கலந்து, நடுநடுவே மின்னினால் பெரும்பாலும் கிரானைட். துகள்கள் ஒரே சீராக, அச்சடித்தது போல இருந்தால் குவார்ட்ஸாக இருக்கலாம். கிரானைட்டா மார்பிளா என்று சந்தேகம் வந்தால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வினிகரை 5 நிமிடம் விட்டுத் துடையுங்கள். அந்த இடம் மங்கினால் அது மார்பிள், அல்லது அதே இனத்துச் சுண்ணாம்புக்கல்.

தினசரித் துடைப்பு எல்லா மேடைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் நாலைந்து சொட்டு போதும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி இரண்டையும்தான். சோப்பு அப்படியே காய்ந்தால் மெல்லிய படலமாகப் படியும், அதில் தூசி ஒட்டும், மேடை எப்போதும் மங்கலாகத் தெரியும். மங்குகிறதே என்று இன்னும் சோப்பு போட்டால் படலம்தான் தடிக்கும்.

கிருமி நீக்க வேண்டுமானால் அழுக்கைத் துடைத்த பிறகே செய்ய வேண்டும். அழுக்கின் மேல் தெளிக்கும் மருந்து பாதி வீண். கல் மேடைக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பாதுகாப்பானது. அடுப்பை அணைத்து, அது ஆறிய பிறகு தெளியுங்கள். பிளீச்சுடன் வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா கலந்த கிளீனருடன் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். பிளீச்சையும் இவற்றில் எதையும் ஒரே நாளில் ஒரே மேடையில் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

கிரானைட்

கிரானைட் உறுதியானதுதான், ஆனால் அதிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றை அடைப்பதுதான் சீலரின் வேலை. சீலர் தேவையா என்பதைக் காலண்டர் சொல்லாது, தண்ணீர் சொல்லும். ஒரு ஸ்பூன் தண்ணீரை மேடையில் விட்டு 10 முதல் 15 நிமிடம் பொறுங்கள். துடைத்த இடம் கருத்திருந்தால் கல் தண்ணீரைக் குடிக்கிறது, சீலர் போட வேண்டும். கருக்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். நெருக்கமான கருங்கிரானைட் பலவும் சீலரை உள்ளே வாங்காது. மேலேயே தங்கிய சீலர் பிசுபிசுத்து, கைபட்ட இடமெல்லாம் தடம் காட்டும்.

சீலர் போடும் நாளுக்கு முந்தைய நாளே மேடையைக் கழுவி, 24 மணி நேரம் காயவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சீலர் இறங்காது. சிறு சிறு பகுதியாகத் தடவி, டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை விட்டு, மிச்சத்தை உலர்வதற்குள் முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டும். தாமதித்தால் வெண்மூட்டம் படியும். அப்படிப் படிந்தால், அதே சீலரைக் கொஞ்சம் ஊற்றி இளக்கி உடனே துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

மார்பிள்

மார்பிளில் வருவது இரண்டு வகைச் சேதம். இரண்டையும் ஒன்றென நினைத்து வைத்தியம் பார்ப்பதால்தான் பாதிப் பேர் கல்லைக் கெடுக்கிறார்கள். கறை என்பது நிறம்: ஏதோ ஒரு திரவம் துளைக்குள் இறங்கியிருக்கிறது. அரிப்பு என்பது நிறமில்லாத மங்கல்: எலுமிச்சைச் சாறு, தக்காளி, வினிகர் போன்ற அமிலம் பட்டு, கல்லில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டே கரைந்துவிட்டது. அரிப்பைச் சீலர் தடுக்காது. லேசான அரிப்பை மார்பிள் பாலிஷ் பவுடரை ஈரத்துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். விரல் நகம் தட்டுப்படும் அளவுக்கு ஆழமென்றால் இயந்திரம் வைத்துத்தான் மெருகேற்ற வேண்டும்.

கறைக்குப் பற்றுப் போடுவதே வழி. கிரானைட்டுக்கும் இதே முறைதான். எண்ணெய்க் கறை என்றால் சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியான விழுதாகக் குழையுங்கள். காபி, தேநீர்க் கறை என்றால் தண்ணீருக்குப் பதில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆனால் அது கருநிறக் கல்லை வெளுக்கச் செய்யலாம், மூலையில் சோதிக்காமல் போடாதீர்கள். விழுதைக் கறையைவிடச் சற்று அகலமாக, அரை சென்டிமீட்டர் தடிப்பில் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, பற்று தானாக முழுக்கக் காயும்வரை காத்திருக்க வேண்டும். உலரும்போதுதான் அது கறையை மேலே இழுக்கிறது. ஈரமாக இருக்கும்போதே சுரண்டி எடுத்துவிட்டு "பலிக்கவில்லை" என்பது வழக்கமான புகார். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டியிருக்கும்.

குவார்ட்ஸ்

இது தொழிற்சாலையில் செய்யப்படும் கல்: எடையில் சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் துகள், மீதி பெரும்பாலும் அவற்றை ஒட்டவைக்கும் ரெசின் என்ற பிசின். துளை இல்லாததால் சீலர் வேண்டாம். பலவீனம் ரெசினில்தான் இருக்கிறது. கொதிக்கும் வாணலியை நேராக வைத்தால் ரெசின் பொசுங்கி மஞ்சளாகும், சில சமயம் கல்லிலேயே விரிசல் விழும். அந்தத் தழும்பைத் துடைத்து நீக்க முடியாது. சூடான பாத்திரத்துக்கு அடியில் எப்போதும் ஒரு ஸ்டாண்ட் வேண்டும். ஓவன் கிளீனர், அடைப்பு நீக்கும் திரவம் போன்ற கடுங்காரங்கள் கூடாது.

லேமினேட்

மேலே மெல்லிய பிளாஸ்டிக் தோல், உள்ளே மரத்தூள் பலகை. தண்ணீர் இணைப்புக் கோட்டின் வழியே உள்ளே போனால் பலகை உப்பும். உப்பியது காய்ந்தாலும் இறங்காது. ஆகவே ஊற்றிக் கழுவாதீர்கள், சிந்திய தண்ணீரை உடனே ஒற்றி எடுங்கள். கறைக்குச் சமையல் சோடா விழுதை 10 நிமிடம் வைத்து, தேய்க்காமல் துடைத்தால் போதும்.

மரம்

மர மேடைக்கு எண்ணெய் வேண்டும், ஆனால் சமையல் எண்ணெய் வேண்டாம்; அது நாளடைவில் சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுக்கும். உணவுத் தர மினரல் ஆயில் வாங்குங்கள். காய்ந்த மேடையில் தாராளமாகத் தடவி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடையுங்கள். புது மேடைக்கு முதலில் சில முறை அடுத்தடுத்து, பிறகு மாதம் ஒரு முறை, அல்லது தண்ணீர் முத்தாக உருளாமல் பரவத் தொடங்கும்போது. கீறல்களுக்கு 120 எண் உப்புத்தாள், பிறகு 220. மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, மீண்டும் எண்ணெய். இரும்புப் பாத்திரம் ஈரத்தோடு நின்றதால் வரும் கருவட்டம், இரும்பும், மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டானது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதை எடுக்கும். அது நஞ்சு, கையுறை போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் பலமுறை கழுவித் துடைக்க வேண்டும்.

ஸ்டீலும் டைல்ஸும்

ஸ்டீலில் மெல்லிய கோடுகள் ஒரு திசையில் ஓடும். அதன் போக்கிலேயே துடையுங்கள். இரும்புக் கம்பி நார் விட்டுப்போகும் துகள்கள் துருப்பிடித்து, ஸ்டீலே துருப்பிடித்தது போல் காட்டும். உப்புத் தண்ணீரும் பிளீச்சும் தேங்கினால் ஊசிமுனைக் குழிகள் விழும்.

டைல்ஸில் கவனிக்க வேண்டியது ஓடு அல்ல, ஓடுகளுக்கு நடுவில் இடைவெளியை நிரப்பும் கிரவுட். சிமென்ட் கிரவுட்டை அமிலம் அரிக்கும். சமையல் சோடா விழுதும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும், காய்ந்த பின் கிரவுட் சீலர்.

எந்த மேடையானாலும் சிங்க்கைச் சுற்றி இடைவெளியை அடைத்திருக்கும் சிலிக்கோன் பூச்சை அவ்வப்போது பாருங்கள். விளிம்பு பெயர்ந்திருந்தாலோ, தேய்த்தும் போகாத கரும்பூஞ்சை இருந்தாலோ, மேலேயே புதிதாகப் பூசாமல் பழையதை முழுக்கச் சீவி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டுப் புதியதைப் போடுங்கள். 24 மணி நேரத்துக்கு அங்கே தண்ணீர் படக்கூடாது.