சர்க்கரை உள்ளவர்கள் குடலுக்கும் சேர்த்துச் சமைப்பது எப்படி?

நீரிழிவு என்று தெரிந்த நாளிலிருந்து எதை நிறுத்த வேண்டும் என்றே எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். எதைச் சேர்க்க வேண்டும் என்று நானே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது.

நமக்குச் செரிக்காத நார்ச்சத்துதான் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு. அதை அவை புளிக்கவைத்து பியூட்டிரேட், புரோப்பியோனேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்கள் குடல் செல்களைத் தூண்ட, ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. பசியை அடக்குவதும், சாப்பிட்ட பின் இன்சுலினைச் சுரக்கச் செய்வதும் அதன் வேலை. எடை குறையப் போடும் செமாகுளுட்டைடு ஊசி இந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்கிறது. ஊசியின் வேகம் நார்ச்சத்துள்ள கீரைக்கு வராது. ஆனால் கீரையைத் தினமும் சாப்பிடலாம்.

முதலில், மெதுவாக ஆரம்பியுங்கள். நான் முதல் நாளே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சாப்பிட்டு, மூன்று நாள் வயிறு உப்பிக் கிடந்தேன். இரண்டு மேசைக்கரண்டி போதும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவையுங்கள். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள், தண்ணீரும் நிறையக் குடியுங்கள். சிங்கப்பூரில் ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் நார்ச்சத்து பெண்களுக்கு 20 கிராம், ஆண்களுக்கு 26 கிராம். அரை கப் வெந்த கடலையில் சுமார் 6 கிராம் கிடைக்கும்.

சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனால் ஒரே கீரையை வாங்காதீர்கள். முருங்கை, பொன்னாங்கண்ணி, வாழைப்பூ, அவரைக்காய் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஒவ்வொரு நார் பிடிக்கும்.

சோற்றை ஆறவைத்தால் அதன் மாவில் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறிப் பெருங்குடலுக்குப் போகும். அதற்காக அளவைக் கூட்டாதீர்கள். நம்மூர் வெக்கையில் இரவெல்லாம் வெளியே வைக்கவும் கூடாது. ஆறியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கோப்பிக்கடைக்குப் போனால், பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங் கேளுங்கள்.

பாக்டீரியா மாத்திரை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். 2019இல் பெல்ஜியத்தில் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தபோது இன்சுலின் நன்றாக வேலை செய்தது. ஆனால் ஆய்வை முடித்தவர்கள் 32 பேர்தான். அந்தக் காசுக்கு நான் பருப்பு வாங்குவேன்.

சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதுவும் குடல் பாக்டீரியாக்களை மாற்றுகிறது. ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். அதனால் புதிதாக அந்த மாத்திரை தொடங்கும் வாரத்திலேயே கடலையையும் தொடங்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும் கிளிப்பிசைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் சோற்றைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.