அதிகம் பராமரிப்பு கேட்காத புதர் ரோஜா: எங்கே வைப்பது, எப்போது வெட்டுவது

ரோஜா என்றாலே வாரம் ஒரு மருந்து, மாதம் ஒரு உரம், நாளுக்கு நாலு தடவை எட்டிப் பார்க்கணும் என்று ஒரு பயம் பலருக்கும் இருக்கிறது. நீளக் காம்பில் ஒற்றைப் பெரிய பூ பூக்கும் ஹைப்ரிட் டீ வகைகளை வைத்துப் பார்த்தால் அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் புதராக வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூக்கிற ரகங்களின் கதையே வேறு. இவை கவனிப்பாரில்லாமல் கெட்டுப்போவதைவிட, தினமும் தண்ணீர், கைநிறைய உரம், கண்ட நேரத்தில் கத்தரி என்று ஆசையாகக் கவனித்துக் கெட்டுப்போவதுதான் அதிகம். நடும்போது இடத்தையும் மண்ணையும் சரியாகப் பார்த்துவிட்டால், அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, அவ்வப்போது தண்ணீர், அவ்வளவுதான் வேலை.

முதலில் ரகம். நாக் அவுட் வரிசையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த வில்லியம் ராட்லர் உருவாக்கி, 2000-இல் சந்தைக்கு வந்தது. கரும்புள்ளி என்ற பூஞ்சை நோய் விழுந்த இலைகளைச் சேர்த்து, காயவைத்து, பொடியாக்கி, தான் வளர்த்த நாற்றுகள் மேலேயே தூவி, போதாததற்கு மேலிருந்து தண்ணீரும் தெளித்துவிடுவார் மனிதர். அந்தக் கொடுமையையும் தாங்கி நின்ற செடிகளைத்தான் அடுத்த தலைமுறைக்கு எடுத்துக்கொண்டார். கரும்புள்ளி நோயை இந்த ரகம் அவ்வளவு நன்றாகச் சமாளிப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே குறை, வாசனை கிட்டத்தட்ட இல்லை. வாசனைதான் முக்கியம் என்றால் சுருக்கம் விழுந்த இலைகளுள்ள ருகோசா வகையைப் பாருங்கள், கடுங்குளிரையும் கடலோர உப்புக்காற்றையும் தாங்கும். சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் பூக்களாகக் கொட்டுகிற செடி வேண்டுமென்றால் 1932-இல் வந்த தி ஃபேரி இன்றைக்கும் சோடை போகவில்லை.

வாங்கும்போது வேறொரு ரோஜாவின் வேர்ப்பகுதிமேல் (அதுதான் அடிச்செடி) ஒட்டுக்கட்டிய செடியா, சொந்த வேரில் வளர்ந்ததா என்று கேளுங்கள். இரண்டும் கிடைத்தால் சொந்த வேர்ச் செடியையே எடுங்கள். ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழிருந்து அடிச்செடி துளிர்விட்டு, அதை விட்டுவைத்தால் கொஞ்ச நாளில் மேலே இருக்கிற நல்ல ரகத்தையே அமுக்கிவிடும். அப்படித் துளிர் வந்தால் மேலோடு வெட்டாமல், மண்ணை விலக்கி, அது கிளம்புகிற இடத்திலேயே பிய்த்து எடுக்க வேண்டும். சொந்த வேர்ச் செடியில் இந்தத் தொல்லையே இல்லை, தரைமட்டம் வரை கருகினாலும் திரும்பத் துளிர்ப்பது அதே ரகம்தான்.

இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம், இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். காலை வெயிலா மாலை வெயிலா என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் காலை வெயில். இரவுப் பனியில் நனைந்த இலை சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காகத்தான் இது. கரும்புள்ளியை உண்டாக்கும் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தாக வேண்டும், அதற்குள் காய்ந்துவிட்டால் அதன் ஆட்டம் முடிந்தது. செடிக்குச் செடி 3 அடி இடைவெளி விடச் சொல்வதும், சுவரோடு ஒட்டி நடாதே என்பதும் இதே காரணத்துக்குத்தான். நட்ட புதிதில் அந்த இடைவெளி வெறுமையாகத் தெரியும், நடுவில் இன்னொன்று வைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள், சீக்கிரமே நிரம்பிவிடும்.

தண்ணீர் தேங்குகிறதா என்பதையும் நடுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நிறைய ஊற்றி, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். இன்னும் தண்ணீர் நின்றால் அந்த இடம் ஆகாது, அங்கேதான் வைக்க வேண்டுமென்றால் மண்ணைக் கொட்டிப் பாத்தியை உயர்த்திக்கொள்ள வேண்டும். ரோஜா வேர் வறட்சியைக்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், சேற்றில் நிற்கப் பொறுக்காது.

குழியின் ஆழம் செடி இருந்த தொட்டியின் உயரமே போதும், அகலம் மட்டும் இரண்டு மடங்கு. தோண்டிய மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ கலந்து திரும்பப் போடுங்கள். தொட்டிக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் லேசாகப் பிரித்துவிட்டு நடுங்கள், அப்படியே வைத்தால் அது அந்த வட்டத்தை விட்டு வெளியே வரச் சோம்பல்படும். ஒட்டுச் செடியானால், உறைபனி விழுகிற ஊரில் ஒட்டுப்பகுதி மண்ணுக்குள் ஓரிரு அங்குலம் இருக்கட்டும், வெப்பமான ஊரில் மண்ணுக்கு மேலேயே தெரியட்டும். நடும்போது ரசாயன உரம் வேண்டவே வேண்டாம், புது வேரைச் சுட்டுவிடும்.

முதல் வருடம் மட்டும் தண்ணீரில் கொஞ்சம் அக்கறை தேவை. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் ஒரு குவளை தெளிப்பதைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை அடிவரை இறங்குகிற மாதிரி ஊற்றுவது நல்லது, அப்போதுதான் வேர் கீழே தேடிப் போகும், மேலாகவே நனைத்துக்கொண்டிருந்தால் வேரும் மேலேயே இருந்து, வெயில் ஏறியதும் செடி வாடிவிடும். அடிமண்ணில் ஊற்றுங்கள், இலையை நனைக்க வேண்டாம். அப்புறம் செடியைச் சுற்றி 2 முதல் 3 அங்குலத்துக்குக் காய்ந்த இலையோ மரப்பட்டைத் துண்டுகளோ மூடாக்காகப் போட்டால் ஈரமும் நிற்கும், களையும் குறையும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், அழுகும்.

தொட்டியில் வைக்கலாமா என்றால், தாராளமாக. அகலமும் ஆழமும் 15 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி, அடியில் ஓட்டை, நிலத்தைவிட அடிக்கடி தண்ணீர்.

உரத்துக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கவாத்துக்குப் பிறகு ஒரு முறை மக்கிய உரம், முதல் சுற்றுப் பூ முடிந்ததும் இன்னொரு முறை. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை பளபளவென்று வரும், பூ குறையும், அந்த இளந்தளிரைத் தேடி, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும். குளிர்காலம் கடுமையாக உள்ள ஊரென்றால் முதல் உறைபனிக்கு ஆறேழு வாரம் முன்பே உரத்தை நிறுத்திவிடுங்கள்.

இனி கவாத்து. இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் இந்தச் செடிகளில் தப்பாக வெட்டுவதே கஷ்டம். நட்ட முதல் வருடம் காய்ந்த குச்சியைத் தவிர எதையும் தொடாதீர்கள். அடுத்த வருடத்திலிருந்து, குளிர் முடிகிற சமயத்தில், தண்டில் துளிர் மொட்டுகள் செம்புள்ளியாக வீங்கத் தொடங்கும்போது வெட்டுங்கள். உறைபனியே இல்லாத ஊர்களில் வருடத்தின் குளிர்ச்சியான நாட்களில் வெட்டினால் போதும். முதலில் செத்த கிளை, அடுத்து உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசுகிற கிளை, கடைசியாக மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. தண்டைக் கிட்டத்தில் பார்த்தால் இலை இருந்த தழும்புக்கு மேலே சின்னதாக ஒரு முண்டு தெரியும், அது புதரின் வெளிப்பக்கம் பார்த்திருக்கிறதா என்று பார்த்து, அதற்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். புதுக்கிளை அந்தப் பக்கம்தான் போகும், நடுப்பகுதி திறந்து காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும். வெட்டிய இடத்தில் நடுத்தண்டு வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் உயிருள்ள கிளை. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்குங்கள்.

வாடிய பூவைக் கிள்ள வேண்டுமா? நாக் அவுட்டில் இதழ்கள் தானாகவே உதிர்ந்து, நீங்கள் எதுவும் செய்யாமலேயே ஐந்தாறு வாரத்துக்கு ஒரு சுற்று பூத்துக்கொண்டிருக்கும். கிள்ளினால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். ருகோசாவில் கிள்ளாமலே விடுங்கள், பூ போனதும் சிவப்பாகத் திரளும் காயே தனி அழகு.

பூச்சியைப் பொறுத்தவரை கண்டதும் மருந்தைத் தேடாதீர்கள். அசுவினியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போய்விடும், பொறிவண்டு வந்தால் மிச்சத்தைத் தின்றுவிடும். இலைக்கடியில் மெல்லிய வலையும் மேலே வெளிறிய புள்ளிகளும் தெரிந்தால் சிலந்திப் பேன், அதற்கும் அடிப்பக்கத்தில் தண்ணீர், அடங்காவிட்டால் மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல். ருகோசாவுக்கு மட்டும் எந்த மருந்தும் அடிக்காமல் இருப்பதே நல்லது, பல மருந்துகளில் அதன் இலையே கருகிவிடும்.

நோய் தாங்கும் ரகம் என்பதால் எதுவுமே வராது என்று அர்த்தமில்லை. வட அமெரிக்காவில் ரோஸ் ரொசெட் என்று ஒரு வைரஸ் நோய், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்தி இனப் பேன் பரப்புவது, நாக் அவுட்டையும் விட்டுவைப்பதில்லை. ஒரே இடத்திலிருந்து துடைப்பம் மாதிரி கிளைகள் வெடித்து, அளவுக்கு மீறி முள் அடர்ந்து, இலைகள் கோணலாகி, முற்றிய பிறகும் சிவப்பு மாறாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். ஆரோக்கியமான இளந்தளிரும் சிவப்பாகத்தான் வரும், ஆனால் அது முற்றியதும் பச்சையாகிவிடும், பதற வேண்டாம். ரொசெட்தான் என்று உறுதியானால் மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பக்கத்தில் வேறு ரோஜா இருந்தால் அந்தப் பருவம் முழுக்க அதன் புதுத்தளிர்களை அடிக்கடி புரட்டிப் பாருங்கள்.