பொறியியல் முதலாண்டு மாணவர்களை வரவேற்பது எப்படி: சீனியர்களுக்கு ஒரு வழிகாட்டி

வரவேற்பு வாரம் முடியும்போது புது மாணவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு விஷயங்கள் கைவசம் இருக்க வேண்டும்: பெயர் சொல்லிக் கூப்பிட ஏழெட்டுப் பேர், சிக்கல் வந்தால் யாரிடம் போவது என்ற தெளிவு. மேடை, பேனர், பாட்டு எல்லாம் இருக்கட்டும். ஆனால் இந்த இரண்டுக்கும் உதவாத நிகழ்ச்சியைத் தயங்காமல் வெட்டுங்கள்.

முதல் வேலை குழு பிரிப்பது. எட்டுப் பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு இரண்டு சீனியர்கள். எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டினால் குழு உள்ளுக்குள்ளேயே இரண்டு மூன்றாக உடையும். ஓரத்தில் நிற்பவர் ஓரத்திலேயே நின்றுவிடுவார். சீனியர் ஒருவர் மட்டும் இருந்தால், வழிதவறிய ஒருவரைத் தேடி அவர் போகும்போது மற்ற ஏழு பேரும் கைவிடப்பட்டதுபோல் நிற்பார்கள். ஒரே ஆய்வகத்தில் உட்காரப் போகிறவர்களை ஒரே குழுவில் போடுங்கள். பழகிய முகம் அடுத்த வாரம் வகுப்பில் கண்ணில் படாவிட்டால் அந்தப் பழக்கம் அதோடு போயிற்று.

பெயர் அட்டையில் அழைக்கும் பெயரைத் தடித்த மார்க்கரில், இரண்டு பக்கமும் எழுதுங்கள். கழுத்தில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் பாதிப் பேரின் பெயர் தெரியாது.

முதல் நாள் உரைகளை மொத்தம் 20 நிமிடத்தில் முடியுங்கள். அதன்பின் அவரவர் கால அட்டவணையைக் கையில் கொடுத்து, திங்கட்கிழமை வகுப்புகளை அதே வரிசையில் நடந்தே காட்டுங்கள். எந்தப் படிக்கட்டு, எந்தத் தளம், ஒரு வகுப்பிலிருந்து அடுத்ததற்கு எத்தனை நிமிடம், வழியில் தண்ணீரும் கழிப்பறையும் எங்கே என்பதெல்லாம் காலால் நடந்தால்தான் மனதில் நிற்கும். வரைபடம் மட்டும் போதாது.

இரண்டாம் நாளுக்கு ஒரு கட்டுமானப் போட்டி வையுங்கள். வடிவமைப்பாளர் பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கிய மார்ஷ்மெல்லோ (பஞ்சுபோன்ற மிட்டாய்) போட்டி இதற்கு நன்றாகப் பொருந்தும். நான்கு பேருக்கு வேகவைக்காத ஸ்பகெட்டிக் குச்சிகள் (சேமியா போன்ற நீண்ட உணவுக் குச்சிகள்) 20, ஏறத்தாழ 90 செ.மீ. டேப், அதே நீள நூல், ஒரு மார்ஷ்மெல்லோ. 18 நிமிடத்தில், எதன்மேலும் சாய்க்காமல் தானே நிற்கும் கோபுரம் கட்ட வேண்டும். மார்ஷ்மெல்லோ உச்சியில் இருக்க வேண்டும். பெரும்பாலான அணிகள் வரைபடம் போட்டு, அழகாகக் கட்டி, கடைசி நிமிடத்தில் மார்ஷ்மெல்லோவை வைக்கும். பஞ்சுபோல் தெரிந்தாலும் அதன் எடை மெல்லிய குச்சியை வளைத்துவிடும், கோபுரம் சரியும். உடனே கலைந்துபோக விடாதீர்கள். நீளமான குச்சி ஏன் சீக்கிரம் வளைகிறது, முக்கோணம் ஏன் நிற்கிறது, சதுரம் ஏன் சாய்கிறது என்று பத்து நிமிடம் பேசவிட்டு, புதுப் பொருட்கள் கொடுத்து இன்னொரு முறை கட்டச் சொல்லுங்கள். இந்த இரண்டாம் சுற்றுதான் போட்டியின் உயிர். சிறிதாகக் கட்டி, உடனே சோதித்து, திருத்துவதுதான் பொறியியல் என்பதை எந்த உரையாலும் இவ்வளவு நன்றாகச் சொல்ல முடியாது. ஒருவரே குச்சியையெல்லாம் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால், இரண்டாம் சுற்றில் அவரிடம் நேரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள்.

பணிமனையைச் சுற்றிக்காட்டும் முன்பே உடை விவரத்தைச் சொல்லி அனுப்புங்கள்: விரல் மூடிய காலணி, கட்டிய முடி, தொளதொளக்காத சட்டைக்கை. வாசலில் பாதுகாப்புக் கண்ணாடி கொடுங்கள். லேத், துளையிடும் எந்திரம் போன்ற சுழலும் எந்திரங்கள் பக்கத்தில் கையுறை கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். கையுறை பாதுகாப்பு தரும் என்றுதான் புதியவர் நினைப்பார். சுழலும் பாகத்தில் துணி சிக்கினால் அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்று ஒவ்வொருவரையும் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

அறிமுகம் என்ற பெயரில் யாரையும் ஆடவோ பாடவோ நிர்ப்பந்திக்காதீர்கள்; அது ராகிங். இருவர் இருவராகப் பேசவிட்டு, ஒருவர் மற்றவரை அறிமுகப்படுத்தட்டும். கூச்சமுள்ளவருக்குத் தன்னைப் பற்றிப் பேசுவதைவிட இது எளிது. தாமதமாகச் சேர்ந்தவருக்கும், வேறு மொழியில் பள்ளி முடித்தவருக்கும் பக்கத்திலேயே ஒரு சீனியர் இருக்க வேண்டும். புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண்ணைப் பெயர் அட்டையிலேயே அச்சிடுங்கள்.

வாரம் முடிந்தாலும் குழுவைக் கலைக்காதீர்கள். முதல் தேர்வின் மதிப்பெண் வந்த வாரத்தில் அதே எட்டுப் பேரை மீண்டும் கூட்டுங்கள். பள்ளியில் முதலிடம் பிடித்தவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் குறைந்த மதிப்பெண் பார்ப்பது அப்போதுதான். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடக்கூடும். ‘எப்படிப் போகிறது?’ என்று கேட்டால் ‘நல்லாப் போகுது’ என்றுதான் பதில் வரும். ‘எந்தப் பாடத்தில் எந்தக் கணக்கில் நின்றுவிட்டாய்?’ என்று கேளுங்கள். வராதவரை அன்றைக்கே தேடிப் போய்ப் பாருங்கள்.