மழைக்கு முன் ஒரு தெருத் துணைக்குழு: தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக, முதல் அடியிலிருந்து

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் சென்னையைப் போட்டு அடித்த நாள். எங்கள் தெருவில் கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் போனது. நான்கு வீடு தள்ளித் தனியாக இருக்கும் ஒரு பாட்டியை நாங்கள் போய்ப் பார்த்தது மூன்றாம் நாள் காலையில்தான். பிரஷர் மாத்திரை முதல் நாளே தீர்ந்துவிட்டது. கேன் தண்ணீரில் அடியில் கொஞ்சம் மிச்சம். "எல்லாருக்கும் அவங்கவங்க கஷ்டம், எப்படிப்பா கூப்பிடறது?" என்றார். வெளிநாட்டில் இருக்கும் மகன் இரண்டு நாளாக அடித்த போன் எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

அவரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் பார்த்தால் சிரிப்போம். ஆனால் மழை நாளில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது யார் வேலை என்று யாருக்கும் குறித்துக் கொடுத்திருக்கவில்லை. உதவி எண்களும் அரசுத் திட்டங்களும் நிறையவே இருக்கின்றன. அவை வந்து சேரும்வரை உள்ள முதல் சில மணி நேரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சில மணி நேரத்துக்கு ஒரு தெரு எப்படித் தயாராவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பணம் அதிகம் தேவையில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், அதனால் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

படி 1: சின்ன எல்லை

முப்பது, நாற்பது வீடுகளுக்கு மேல் எடுக்காதீர்கள். மழையில் நனைந்துகொண்டு பத்து நிமிடத்தில் நடந்து முடிக்கிற தூரம்தான் கணக்கு. முழு நகரையும் சேர்த்துப் பெரிய குழு போட்டால் வாட்ஸ்அப்பில் வணக்கம் சொல்லத்தான் ஆள் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் ஒரு பிளாக். கிராமம் என்றால் ஒரு தெரு. உங்களோடு சேர்த்து ஐந்து பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். அதில் ஒருவராவது பகலில் வீட்டிலேயே இருப்பவராக இருக்க வேண்டும்.

படி 2: வாசலில் நின்று பேசுவது

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். அவசரப்பட்டால் இங்கேயே கெட்டுப்போகும்.

"உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பெரியவர்கள் "ஒண்ணும் வேணாம்பா, நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பதல்ல. இவ்வளவு வருடம் பிறருக்குக் கொடுத்தே பழகியவர்களுக்குக் கேட்க வாய் வராது. அதனால் கேள்வியை மாற்றுங்கள். "அம்மா, நான் நாலு வீடு தள்ளி இருக்கேன். போன மழையில கரண்ட் போனப்ப எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேளுங்கள். கதை வரும். மாடிக்கு ஏற முட்டி விடவில்லை, ஃபிரிட்ஜில் வைத்த இன்சுலின் வீணாய்ப் போனது, போன் சார்ஜ் தீர்ந்தது என்று தேவையெல்லாம் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கும். நீங்கள் கேட்டுக்கொண்டால் போதும்.

முதல் தடவை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிடுவார்கள். தெரிந்த முகம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். பால் போடுகிறவர், மளிகைக்கடை அண்ணாச்சி, யாராக இருந்தாலும் சரி. பாட்டிகள் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண்ணும் உடன் வருவது நல்லது.

இன்னொன்று. அவர்களால் என்ன முடியும் என்றும் கேளுங்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நடக்க முடியாது, ஆனால் எல்லோருக்கும் போன் செய்து விசாரிக்கும் வேலையை அவர் அவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார். வாங்கிக்கொள்கிறவராக மட்டும் வைத்தால் எந்தப் பெரியவரும் குழுவில் நிற்க மாட்டார்.

படி 3: ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு

இரண்டாம் தடவை போகும்போது எழுதிக்கொள்ளுங்கள். பெயர், வயது, தரைத்தளமா மாடியா, நடக்க உதவி வேண்டுமா, காது கேட்கிறதா, என்னென்ன மாத்திரை, எந்த டாக்டர், பிள்ளைகள் அல்லது உறவினரின் எண், இரத்தப் பிரிவு, மருந்து ஒவ்வாமை. மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அவசியம் எழுதுங்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளியலறையில் விழுந்துவிட்டால், கதவை உடைப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

வங்கிக் கணக்கு, ஆதார் எண், நகை, பணம் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம், கேட்கவும் வேண்டாம். இந்தச் சீட்டைப் படம் எடுத்து எந்தக் குழுவிலும் போடக் கூடாது. ஒரு பிரதி பெரியவர் வீட்டிலேயே ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கட்டும், இன்னொன்று உங்கள் நோட்டில். யார் தனியாக இருக்கிறார் என்ற செய்தி தவறான கையில் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 4: ஒருவருக்கு இரண்டு பேர்

ஒவ்வொரு பெரியவருக்கும் இரண்டு பேரின் பெயரைக் குறியுங்கள். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் இருப்பார். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டோம். 2023இல் எங்கள் தெருவில் நடந்தது அதுதான்.

போன் வேலை செய்யாத நாளுக்கு ஓர் அடையாளமும் வேண்டும். இந்த யோசனையை எனக்குச் சொன்னவர் அதே பாட்டிதான். "காலையில என் வாசல்ல கோலம் இல்லைன்னா வந்து பாரு" என்றார். மழையில் கோலம் நிற்காதே என்றேன். "அப்போ கிரில் கேட்டுல ஒரு துண்டு தொங்கும்" என்றார். இப்போது மழை நாட்களில் எட்டு மணிக்குள் துண்டு தொங்காத வீட்டை அதற்கான இருவரில் ஒருவர் போய்த் தட்டுகிறார்.

படி 5: மருந்து

வெள்ளத்தில் பெரியவர்களைத் தண்ணீரை விட அதிகமாகப் படுத்துவது நின்றுபோன மாத்திரை என்பேன். பிரஷர், சர்க்கரை, இதய நோய் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர்வரை குறைந்தது இரண்டு வாரத்துக்கான மருந்து எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். டாக்டரிடம் சொன்னாலே சீட்டில் எழுதிக் கொடுப்பார்.

காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒவ்வொரு மருந்துக்கும் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு நனைந்து போனாலும் அட்டையைக் காட்டி வாங்கலாம். மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றின் நகலையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிற பையிலேயே வையுங்கள்.

இன்சுலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியில் வைக்கலாம். கூடவே வரும் தாளில் உங்கள் வகைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் பயந்துபோய் ஐஸ் கட்டிமேல் வைத்துவிடுகிறார்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. கவரில் சுற்றி, ஈரத்துணி போர்த்திய மண்பானைக்குள் வைப்பது நல்ல மாற்று.

டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், கனமழை எச்சரிக்கை வந்த உடனேயே சிகிச்சை மையத்தை அழைத்து முறையை முன்கூட்டியே செய்ய முடியுமா என்று கேளுங்கள். கரண்டில் ஓடும் ஆக்சிஜன் கருவி உள்ள வீட்டில் மாற்று சிலிண்டர் இருக்கிறதா என்று செப்டம்பரிலேயே பாருங்கள். இந்த இரண்டு வகை வீடுகளையும் நோட்டில் சிவப்பு மையால் குறியுங்கள், மழை நாளில் முதலில் போக வேண்டியது அங்கேதான்.

படி 6: இருக்கிற சேவைகளோடு முன்பே இணைத்துவிடுங்கள்

வெள்ளம் வந்த பிறகு விண்ணப்பம் எழுத முடியாது. ஒவ்வொரு பெரியவருக்கும் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நகராமல் படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

ரேஷனுக்கு, 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தின்படி வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருட்கள் வீட்டு வாசலுக்கே வரும். வராவிட்டால் கடையில் கேட்டுப் பெயரைச் சரிபார்க்க வேண்டும். கடைக்கு வர முடியாதவர் தன் சார்பில் இன்னொருவரை நியமித்துப் பொருள் வாங்கவும் வழி இருக்கிறது, அதற்கான படிவம் கடையிலேயே கிடைக்கும்.

வங்கிக்குப் போவது பெரிய பாடு. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பணம் எடுத்துத் தருவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே செய்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிளையில் எழுதிக் கொடுத்து வைக்கலாம். ஓய்வூதியதாரரின் உயிர்வாழ் சான்றை இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுத்துப் பதிவு செய்கிறார், அதற்குச் சிறு கட்டணம் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியதாரர்கள் அதைக் கொடுக்க வேண்டிய நவம்பர்தான் நமக்கு மழை மாதம் என்பதால் இதை மறக்காதீர்கள்.

முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய் இன்னும் கிடைக்காத, வேறு ஆதரவில்லாத பெரியவர் யாராவது தெருவில் இருந்தால், விண்ணப்பத்துக்குத் துணை போவதும் இந்தக் குழுவின் வேலைதான்.

படி 7: எண்கள், பெரிய எழுத்தில், காகிதத்தில்

ஏ4 தாளில் தடித்த பேனாவால் எழுதி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டுங்கள். மேலே குழுவின் இரண்டு பேருடைய எண். அதற்குக் கீழே: ஆம்புலன்ஸ் 108. எந்த அவசரத்துக்கும் 112. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. சென்னையில் இருப்பவர்களுக்கு மாநகராட்சி 1913. மின்தடைக்கு மின்னகம் 94987 94987. மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். புறக்கணிப்பு, கொடுமை, ஓய்வூதியச் சிக்கல், சட்ட வழி எல்லாவற்றுக்கும் அங்கே கேட்கலாம். ஆனால் அது இரவு நெஞ்சுவலிக்கு அழைக்கும் எண் அல்ல என்று தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள்.

1930ஐயும் சேர்த்து எழுதுங்கள், அது இணையவழிப் பண மோசடிக்கு. நிவாரணப் பணம் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று கேட்கும் குரல்கள் பேரிடர் நாட்களில் தனியாக இருப்பவர்களைத் தேடிவரும். "யார் ஓடிபி கேட்டாலும் போனை வைத்துவிட்டு எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்" என்று தாளின் அடியில் எழுதிவிட்டோம்.

படி 8: எச்சரிக்கை வந்த நாள்

வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை மழை பெய்யலாம் என்று பொருள். சிவப்பு என்றால் அதற்கும் மேல். சென்னைக்குத்தான் இந்தக் கவலை என்று நினைக்காதீர்கள். அதே 2023 டிசம்பரில், மிக்ஜாம் போன இரண்டாம் வாரம், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது.

ஆரஞ்சு வந்ததும் எல்லா வீட்டுக்கும் ஒரு சுற்று. போன், டார்ச், பவர் பேங்க் சார்ஜ் ஏற்ற வேண்டும். கரண்ட் இருக்கும்போதே மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்ப வேண்டும். குடிதண்ணீர் மூன்று நாளுக்கு. சமைக்காமல் சாப்பிடக்கூடிய அவல், பொட்டுக்கடலை, பிஸ்கட், பழம். பல் இல்லாதவருக்கு அவலை ஊறவைக்கத் தண்ணீரும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சிவப்பு வந்தால் தரைத்தளத்தில் இருப்பவர்களை வெளிச்சம் இருக்கும்போதே மாடி வீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். "தண்ணி வந்தா பார்த்துக்கலாம்" என்பார்கள். இரவு இரண்டு மணிக்கு முழங்கால் தண்ணீரில் எண்பது வயதுக்காரரைத் தூக்குவது எவ்வளவு ஆபத்து என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். எந்த மாடி வீடு, எந்த அறை, மேற்கத்தியக் கழிவறை இருக்கிறதா என்பது முன்பே முடிவாகியிருந்தால் அவர்களும் மறுக்க மாட்டார்கள். "உங்க வீட்டுக்கு வந்து தொந்தரவு பண்ணணுமா" என்ற தயக்கம்தான் பாதிக் காரணம். அதனால் அந்த மாடி வீட்டுக்காரரே நேரில் போய் அழைக்கட்டும். வீட்டைப் பூட்டும்முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

படி 9: தண்ணீர் வடிந்த பிறகு

இங்கே பல குழுக்கள் கலைந்துவிடும். ஆனால் பெரியவர்களுக்குச் சிரமம் தொடங்குவதே இப்போதுதான். சேற்றில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிவது, எலிக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் இந்த வாரத்தில்தான் வரும். அவர்களை வீடு கழுவ விடாதீர்கள், அதற்கு இளையவர்கள் இரண்டு பேர் போக வேண்டும். எலக்ட்ரீஷியன் பார்க்கும்முன் சுவிட்ச் போடக் கூடாது. வெள்ள நீரில் நடந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமாலோடு நிறுத்தாமல் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

தினமும் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டும். ஊறிப்போன கல்யாண ஆல்பத்தைக் காயவைத்துக்கொண்டிருப்பவரிடம் பேச அவசரமாக எதுவும் இல்லை, கூட உட்கார்ந்தால் போதும். சாப்பிடாமல், தூங்காமல் நாட்கள் போனால் 14416க்கு அழைத்து மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம்.

மழை முடிந்து ஜனவரியில் ஒரு நாள் கூடி நோட்டைத் திருத்துங்கள். மாறிய மருந்து, மாறிய எண், புதிதாகக் குடிவந்தவர்கள். இந்த வருடம் எங்கள் நோட்டில் பதினொரு வீடுகள். முதல் பக்கத்தில் அந்தப் பாட்டியின் பெயருக்கு நேரே, துணைக்கு இருவர் பெயர் எழுதியிருக்கிறோம். அதற்குக் கீழே அவர் கேட்டுக்கொண்டபடி இன்னொரு வரியும் உண்டு: எதிர்வீட்டுத் தாத்தாவின் துண்டைத் தினமும் பார்க்க வேண்டியவர் இவர்.