முதல் ஆர்பிஜி பண்றீங்களா? 2டியா 3டியான்னு பேப்பர்ல கணக்கு போட்டுட்டு இறங்குங்க

2டி ஈஸி, 3டி கஷ்டம், அதனால முதல் கேம்னா கண்ண மூடிட்டு 2டி போங்கன்னு தான் யார கேட்டாலும் சொல்லுவாங்க. பசில் கேமுக்கு, ஓடி குதிக்கிற கேமுக்கு அது சரி. ஆர்பிஜிக்கு (ஒரு கேரக்டர எடுத்துட்டு ஊர் ஊரா சுத்தி, சண்ட போட்டு, வளத்துட்டு போற கேம்) பாதி தான் சரி. ஏன்னா ஆர்பிஜில ஒரே ஆளு நாலு பக்கமும் நடக்கணும், வாள் மாத்தணும், கவசம் மாத்தணும், மந்திரம் போடணும், அடி வாங்கி விழணும், அது அத்தனையையும் யாராவது உக்காந்து வரையணும், தனியா கேம் பண்றீங்கன்னா அந்த யாராவது நீங்க தான்.

அதனால எஞ்சின் (கேம் கட்டுற சாஃப்ட்வேர்) எது நல்லதுன்னு வீடியோ பாக்குறத கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு ஒரு பேப்பர் எடுங்க. ஆர்பிஜி மேக்கர்ங்கற சாஃப்ட்வேர் ஸ்டைல்ல ஒரு கேரக்டர் நடக்கிறதுக்கு 4 திசை, திசைக்கு 3 ஃபிரேம் (அசைவுல ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்), மொத்தம் 12 படம். ஒரு சாயங்காலத்துல முடிச்சிடலாம், பிரச்சனையே இல்ல. இப்ப மேப்லயே வாள் சண்டை வேணும்னு ஆசை வருதுன்னு வெச்சிக்கோங்க. நடக்க 6, நிக்க 4, வெட்ட 6, அடி வாங்க 2, விழ 4, ஆக 22 ஃபிரேம். 4 திசைக்கு 88. குறுக்கால நடக்கிறப்ப நல்லா இல்லன்னு 8 திசை போனா 176. இடது பக்கத்த வரையாம வலது பக்கத்தையே திருப்பி போட்டுக்கலாம்னா 5 திசை வரைஞ்சா போதும், 110 ஆகும் (என்ன, வாள் ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு தாவும், முக்காவாசி பேர் கவனிக்க மாட்டாங்க). இதுக்கு மேல 10 ஆயுதம் கையில தெரியணும்னா ஒவ்வொரு ஆயுதத்தையும் அந்த 110 ஃபிரேமுக்கும் தனி லேயரா வரையணும். 1100 படம், அதுவும் ஒரே ஒரு ஆளுக்கு, நம்ம குழுவுல (பார்ட்டி) நாலு பேர் இருக்காங்க.

3டில இந்த பெருக்கல் கணக்கே கிடையாது. மாடல் பண்ணி, அத அசைக்க உள்ள எலும்பு போட்டு, ஒரு தடவ வெட்டுற அனிமேஷன் பண்ணிட்டா எந்த திசையில பாத்தாலும் அதே தான், வாள் மாத்தணும்னா கை எலும்புல வேற வாள் மாடல மாட்டி விட்டா முடிஞ்சது. மனுஷ உருவமா இருந்தா மிக்ஸமோ சைட்ல மாடல ஏத்துனா எலும்பும் அதுவே போட்டு ரெடிமேட் அனிமேஷனும் இலவசமா குடுக்கும். ஆனா ஆரம்ப செலவு பெருசு. அந்த முதல் மாடல் உருப்படியா வர்றதுக்குள்ள 2டி காரன் ரெண்டு ஊர் மேப் முடிச்சிருப்பான். ஒரு சின்ன வீட்டுக்குள்ள போற சீன் கூட 3டில சுவர், கூரை, லைட், கேமரா எங்க முட்டும்னு நாலு வேல, 2டில டைல் (தரை, சுவருக்கான சின்ன படத்துண்டு) எடுத்து ஒட்டுற வேல.

ஸோ நான் சொல்றது இவ்ளோ தான்: ஆளுங்க கம்மி, ஆனா அவங்க போடுற டிரெஸ் ஆயுதம் எல்லாம் கண்ணுக்கு தெரியணும், அசைவு நெறைய வேணும்னா 3டி பக்கம் போங்க. ஊர் நெறைய, பேசுற ஆளுங்க நெறைய, ஆனா பெருசா அசைய மாட்டாங்கன்னா 2டி. எது அழகு எது மாடர்ன்ங்கறதெல்லாம் இந்த கணக்குக்கு அப்புறம் பேசிக்கலாம்.

2டில இந்த பெருக்கல்லேர்ந்து தப்பிக்க பழைய கேம்கள் என்ன பண்ணாங்கன்னு பாத்து காப்பி அடிங்க, தப்பே இல்ல. 1986ல வந்த டிராகன் குவெஸ்ட்ல எதிரி நம்மள நேரா பாத்துட்டு நிப்பான், ஒரு எதிரிக்கு ஒரு படம், அவ்ளோ தான். 1994 ஃபைனல் ஃபேன்டஸி 6ல நம்ம ஆளுங்க அசைவாங்க, எதிரிங்க அசையாத பெரிய அழகான படம், யாரும் குறை சொன்னதா தெரியல. பழைய போகிமான்ல சண்டையில ஒவ்வொன்னுக்கும் முன்னாடி பக்கம், பின்னாடி பக்கம், ரெண்டே கோணம் தான், அதனால தான் நூத்துக்கணக்குல அடுக்க முடிஞ்சது (மெயின் வரிசையில முழுசா 3டிக்கு மாறுனது 2013ல எக்ஸ், ஒய் வந்தப்ப தான்). அதாவது மேப்ல நடக்கிற சின்ன உருவம் வேற, சண்டையில வர்ற பெரிய படம் வேறன்னு பிரிச்சிட்டா வேல பத்துல ஒரு பங்கு ஆயிடும். அதுக்காக 2டின்னா ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்னு நெனைக்காதீங்க, ஸ்டார்டியூ வேலிங்கற 2டி கேம எரிக் பரோன் ஒத்த ஆளா பண்ணாரு, நாலரை வருஷம் கிட்ட ஆச்சு.

அடுத்த கேள்வி கேமரா. பிளேயர் கேமராவ சுத்தலாமா கூடாதா? சுத்தலாம்னா உலகமாவது 3டியா தான் இருக்கணும். கூடாதுன்னா நடுவுல ஒரு பெரிய உலகமே இருக்கு, நெறைய பேர் இத யோசிக்கிறதே இல்ல. 1997ல ஃபைனல் ஃபேன்டஸி 7ல ஆளுங்க 3டி, பின்னாடி தெரியிற ஊரு பெரும்பாலும் முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல ரெண்டர் பண்ணி (3டிய படமா மாத்தி) வெச்ச படம். 2000ல டயாப்லோ 2 நேர்மாறா, ஆளுங்கள 3டில செஞ்சு, அத எல்லா திசையிலேர்ந்தும் படமா எடுத்து 2டி ஸ்ப்ரைட்டா (தட்டையான படமா) ஓட விட்டாங்க. ராக்னராக் ஆன்லைன்ல உலகம் 3டி, ஆளுங்க 2டி (அதுல கேமராவயும் சுத்தலாம்). 2018ல ஆக்டோபாத் டிராவலர் அதே யோசனைய அன்ரியல் எஞ்சின்ல போட்டு, லைட், மங்கலான பின்னணி எல்லாம் சேத்து, பிக்சல் பொம்மைங்கள ஒரு குட்டி மேடையில நிக்க வெச்ச மாதிரி காட்டுச்சு.

தனி ஆளுக்கு என்னை கேட்டா டயாப்லோ 2 வழி தான் பெஸ்ட். பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர் இலவசம். கேமராவ ஆர்த்தோகிராஃபிக்ல (தூரத்துல இருக்கிறது சின்னதா தெரியாத மோடு) வெச்சு எக்ஸ் ரொட்டேஷன் 60, இசட் ரொட்டேஷன் 45 குடுங்க, 64க்கு 32 பிக்சல் சாய்சதுர டைலோட கரெக்டா ஒக்காரும். பின்னணி வராம இருக்க ஃபிலிம் செட்டிங்ல டிரான்ஸ்பரன்ட் டிக் பண்ணிட்டு பிஎன்ஜியா எடுங்க. முக்கியமா, கேமராவையும் லைட்டையும் அசைக்காம மாடல மட்டும் 45 டிகிரி 45 டிகிரியா 8 தடவ திருப்புங்க, கேமராவ சுத்துனா ஒவ்வொரு திசைக்கும் நிழல் வேற பக்கம் விழுந்து கேம்ல ஆளு திரும்புறப்ப வெளிச்சம் பளிச் பளிச்னு மாறும். கவசம் மாத்தணும்னா மாடல மாத்தி திரும்ப ரெண்டர் போட்டுட்டு தூங்க போங்க, காலைல படம் ரெடியா இருக்கும்.

ஒன்னே ஒன்னு, ஒரிஜினல் பிளெண்டர் ஃபைல எந்த காரணத்துக்கும் அழிக்காதீங்க, படத்தையும் தேவைக்கு ரெண்டு மூணு மடங்கு பெருசா எடுத்து வெச்சிட்டு சின்னது பண்ணி யூஸ் பண்ணுங்க. ஃபைனல் ஃபேன்டஸி 7ஓட பிற்கால ரிலீஸ்கள்ல ஆளுங்க ஷார்ப்பா இருப்பாங்க, பின்னணி மட்டும் மங்கலா தெரியும், ஏன்னா அது அந்த காலத்து சின்ன சைஸ் படம், 3டி ஆளு மாதிரி ஸ்க்ரீனுக்கு ஏத்த மாதிரி புதுசா வரைஞ்சிக்காது.

வெறும் 2டின்னு முடிவு பண்ணிட்டீங்களா, மொதல்ல ரெசல்யூஷன முடிவு பண்ணுங்க, அப்புறம் தான் வரையணும். 320க்கு 180 பிக்சல் நல்ல சைஸ், 4 மடங்குல 1280க்கு 720, 6 மடங்குல 1920க்கு 1080, முழு மடங்கா போகுறதால பிக்சல் கோணாது. டைல் 16 பிக்சல்னா குறுக்கால 20 டைல் தெரியும். கோடோ எஞ்சின்ல ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் போய் டெக்ஸ்சர் ஃபில்டர (படத்த பெருசாக்குற முறை) நியரஸ்ட் ஆக்குங்க, இல்லன்னா பிக்சல் ஆர்ட் எல்லாம் தண்ணி பட்ட மாதிரி கலங்கி தெரியும். மரத்துக்கு பின்னாடி போனா ஆளு மறையணும், முன்னாடி வந்தா தெரியணும், அதுக்கு ஒய் சார்ட் (ஸ்க்ரீன்ல கீழ நிக்கிறத முன்னாடி காட்டுற செட்டிங்) ஆன் பண்ணி எல்லா படத்துக்கும் ஆரிஜின் பாயிண்ட்ட (படத்தோட இடத்த குறிக்கிற புள்ளி) கால்கிட்ட வெக்கணும். நடுவுல வெச்சிட்டு மரம் ஏன் தலைமேல ஏறுதுன்னு கேக்குறவங்க தான் அதிகம்.

3டி போறவங்க கோடோவ ஆரம்பிக்கிறப்பவே காம்பேடிபிலிட்டி ரெண்டரர (ஸ்க்ரீன்ல படம் வரையிற பகுதி) செலக்ட் பண்ணிக்கோங்க, பழைய லேப்டாப்லயும் சாதா போன்லயும் ஓடும். கேமராவ கொஞ்சம் மேலேர்ந்து ஒரே கோணத்துல லாக் பண்ணிட்டா கேமராவுக்கு முன்னாடி இருக்கிற சுவத்த கட்டவே வேணாம், பாதி வேல மிச்சம். 3டி உலகத்துல 2டி ஆளுன்னா ஸ்ப்ரைட்3டி நோடு, அதுல பில்போர்ட (படம் எப்பவும் கேமரா பக்கம் திரும்பி நிக்கிற செட்டிங்) ஒய் அச்சுக்கு மட்டும் வைங்க, முழு பில்போர்டு வெச்சா கேமரா குனியிறப்ப ஆளும் சேந்து மல்லாந்து படுப்பான்.

இப்பவும் குழப்பமா இருந்தா ஒரே ரூம ரெண்டு விதமாவும் கட்டுங்க. ஒரு கதவு, ஒரு தூண் (பின்னாடி போய் வர்றதுக்கு), ஒரு பெட்டி, பேசுற ஆளு ஒருத்தர், ஒரு எதிரி, ரெண்டு வாள். கென்னி சைட்ல 2டி, 3டி ரெண்டுலயும் இலவச படங்கள், மாடல்கள் கெடைக்கும், சொந்தமா எதுவும் வரையாதீங்க இந்த டெஸ்டுக்கு. ரெண்டாவது வாள சேக்கிறதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு, ரெண்டாவது ரூம் சேக்க எவ்ளோ நேரம் ஆச்சுன்னு மட்டும் எழுதி வைங்க. அந்த ரெண்டு நம்பர் தான் உங்க கேமோட அடுத்த ரெண்டு வருஷம்.

கோடு எழுதறப்ப ஆளு எந்த கட்டத்துல நிக்கிறான், உயிர் எவ்ளோ இருக்கு, யாரு யார அடிச்சாங்கங்கற கணக்க படம் காட்டுற கோடோட கலக்காதீங்க. 2021ல டயாப்லோ 2 ரெஸரெக்டட் வந்தப்ப அடியில ஓடுனது பழைய 2டி லாஜிக் தான், மேல புது 3டி போர்வை, ஒரு பட்டன் தட்டுனா ஆட்டம் நிக்காம பழைய படத்துக்கு மாறிடும். அந்த அளவுக்கு நமக்கு வேணாம், ஆனா பாதில 2டிலேர்ந்து 3டிக்கு மாறணும்னு தோணுச்சுன்னா முழுசா அழிச்சிட்டு எழுத வேண்டி வராது.

வசனம் தமிழ்ல வெக்கிறவங்களுக்கு தனியா ஒன்னு. 320க்கு 180 ஸ்க்ரீன்ல ஆங்கில எழுத்து 8 பிக்சல் உயரத்துல படிக்க வரும், நம்ம ணையும் ஞூவும் அதுல வெறும் புள்ளிக் கூட்டம். கோடோ 4 தமிழ் எழுத்த ஒழுங்கா சேத்து காட்டும், ஆனா ஸ்ட்ரெச் மோட (சின்ன ஸ்க்ரீன பெருசாக்குற முறை) வியூபோர்ட்டுன்னு வெச்சா எழுத்தும் சேந்து பிக்சல் ஆயிடும், கேன்வாஸ் ஐட்டம்ஸ்னு மாத்துங்க, படம் பிக்சலாவே இருக்கும், எழுத்து மட்டும் முழு ரெசல்யூஷன்ல வரும். டயலாக் பாக்ஸும் நீங்க ஆங்கில கேம்ல பாக்குறத விட உயரமா, வரிக்கு நடுவுல கூடுதல் இடம் விட்டு பண்ணுங்க, இல்லன்னா மேல் வரி எழுத்தோட வாலும் கீழ் வரி எழுத்தோட மேல் சுழியும் இடிச்சிக்கும்.